புதிய ஆட்டக்காரருக்கு கேமே சொல்லித் தர வேண்டும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தனியாகவோ சிறு குழுவாகவோ வீடியோ கேம் உருவாக்குபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. எல்லாப் பதில்களுக்கும் அடியில் ஒரே எண்ணம்தான் இருக்கிறது. விளக்கத்தைப் படித்து யாரும் கேம் கற்றுக்கொள்வதில்லை. ஆட்டக்காரர் தானாக ஒரு முடிவெடுக்க வேண்டும், அதனால் என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும், ஏன் அப்படி நடந்தது என்று புரிந்துகொள்ள வேண்டும். இந்த மூன்றில் ஒன்று அறுந்தாலும் அவர் கேமை மூடிவிடுவார், பெரும்பாலும் திரும்பி வரமாட்டார்.

டுட்டோரியல் என்று தனியாக ஒரு பயிற்சிப் பகுதி வேண்டுமா?

கேம் எவ்வளவு சிக்கலானது என்பதைப் பொறுத்தது. வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில் ஃபோல்டிட், ரிஃப்ராக்‌ஷன், ஹலோ வேர்ல்ட்ஸ் என்ற மூன்று கேம்களை எடுத்துக்கொண்டு, டுட்டோரியல் உள்ள பதிப்பையும் இல்லாத பதிப்பையும் 45,000-க்கும் மேற்பட்டவர்களிடம் கொடுத்துப் பார்த்தார்கள். புரத மூலக்கூறுகளை மடிக்கும் ஃபோல்டிட்தான் மூன்றிலும் சிக்கலானது. அதில் டுட்டோரியல் கிடைத்தவர்கள் 29 சதவீதம் வரை கூடுதல் நேரம் விளையாடினார்கள். எளிமையான மற்ற இரண்டு கேம்களிலும் டுட்டோரியலால் அப்படியொரு பலன் கிடைக்கவில்லை.

நாலைந்து பட்டன்களை அழுத்திப் பார்த்தாலே பிடிபடும் கேம் என்றால், டுட்டோரியலுக்குச் செலவழிக்கும் வாரங்களை முதல் லெவலைச் செதுக்குவதில் செலவிடுங்கள். ஆட்டக்காரர் இதுவரை பார்த்தே இராத விதிகள் உங்கள் கேமில் இருந்தால் கட்டாயம் சொல்லித்தாருங்கள். அப்போதும் அதை மெயின் மெனுவில் தனி வரியாக வைக்காதீர்கள். அவசரத்தில் இருப்பவர் அதைத் தாண்டி நேரே ஆட்டத்துக்குள் போவார். டுட்டோரியல் யாருக்கு அதிகம் தேவையோ அவர் கண்ணில் அது படவே படாது.

முதல் ஐந்து நிமிடங்களில் எதையெல்லாம் சொல்லித்தர வேண்டும்?

உங்களுக்குத் தோன்றுவதில் பாதிகூட வேண்டாம்.

கேமில் ஆட்டக்காரர் செய்யக்கூடிய எல்லாவற்றையும் வினைச்சொற்களாக ஒரு தாளில் எழுதுங்கள்: ஓடு, தாவு, சுடு, குனி, வாங்கு, விற்பனை செய், ஆயுதத்தை மேம்படுத்து, வரைபடத்தைத் திற. திரையில் தெரியும் அளவீடுகளையும் எழுதுங்கள்: உயிர், சக்தி, காசு, அனுபவப் புள்ளி. சிறிய கேமிலேயே இந்தப் பட்டியல் முப்பதைத் தொடும். பிறகு ஒவ்வொன்றையும் மூன்று குவியல்களில் ஒன்றில் போடுங்கள். முதல் குவியலில், இது தெரியாவிட்டால் ஓரடிகூட நகர முடியாது என்பவை. இரண்டாவதில், இது தெரியாவிட்டால் இந்த கேமின் தனிச்சுவை தெரியாது என்பவை. மற்றவை எல்லாம் மூன்றாவதில்.

முதல் ஐந்து நிமிடம் முதல் குவியல் முழுவதுக்கும் இரண்டாவதில் ஒன்றே ஒன்றுக்கும் உரியது. அந்த ஒன்றை நன்றாக யோசித்துத் தேர்ந்தெடுங்கள், ஆட்டக்காரர் அதற்காகத்தான் தங்குவார். பலரும் செய்யும் தவறு, நடப்பதையும் கேமராவைத் திருப்புவதையும் பத்து நிமிடம் சொல்லிக்கொடுத்துவிட்டு, கேமின் உயிரான விஷயத்தை அடுத்த லெவலுக்குத் தள்ளிவைப்பது.

மூன்றாவது குவியலில் உள்ளவை தேவைப்படும் நொடியில் வரட்டும். முதல் காசு கைக்கு வந்த பிறகு கடையைக் காட்டுங்கள். காசே இல்லாதவரிடம் கடையை விளக்கினால் அவர் மனதில் எதுவும் நிற்காது.

எழுத்தே இல்லாமல் கற்றுத்தர முடியுமா?

முடியும். 1985-ல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸின் முதல் லெவலை மெதுவாக ஓட்டிப் பார்ப்பதைவிட நல்ல பயிற்சி இல்லை.

மாரியோ திரையின் இடது பக்கம் வலது நோக்கி நிற்கிறான். வலதில் வெறும் வெளி. எந்தப் பக்கம் போக வேண்டும் என்று யாரும் சொல்லத் தேவையில்லை. சில அடி நகர்ந்ததும் மேலே மின்னும் கேள்விக்குறிப் பெட்டி, எதிரே நடந்து வரும் கூம்பா என்ற எதிரி. கூம்பா முறைத்த முகத்தோடு நேரே வருகிறது, ஏதாவது செய்தாக வேண்டும். தாவத் தெரியாதவர் மோதிச் சாகிறார், ஆனால் இழந்தது சில நொடிகள் மட்டுமே. மறுமுறை பட்டன்களை அழுத்திப் பார்க்கிறார், தாவுகிறார். அந்தத் தாவலில் தலை பெட்டியில் இடித்தால் காசு வருகிறது. கூம்பாவின் மேல் விழுந்தால் அது நசுங்குகிறது.

இதற்கடுத்துதான் உண்மையான சாமர்த்தியம். இன்னொரு பெட்டியிலிருந்து காளான் வெளிவருகிறது. பார்க்க அதுவும் கூம்பா மாதிரி இருப்பதால் புதியவர் பயப்படலாம். காளான் வலது பக்கம் ஓடி, கீழே விழுந்து, குழாயில் மோதி, திரும்பி ஆட்டக்காரரை நோக்கியே வருகிறது. அவர் நிற்கும் இடத்துக்கு மேலே கட்டைகள் இருப்பதால் தாவித் தப்பிக்க நினைத்தாலும் தலை இடித்துக் காளான் மேலேயே விழ வாய்ப்பு அதிகம். தொட்டதும் மாரியோ பெரிதாகிறான். காளான் நல்லது என்பதை அவர் உடலாலேயே கற்றுக்கொண்டார்.

அதே லெவலின் பிற்பகுதியில் எதிரெதிரே நிற்கும் படிக்கட்டுகள் இரண்டு ஜோடிகளாக வருகின்றன. முதல் ஜோடிக்கு நடுவே தரை இருக்கிறது, தவறினாலும் ஏறி வந்துவிடலாம். அடுத்த ஜோடிக்கு நடுவே பள்ளம். தாவலின் தூரத்தைச் சாகாமல் பழகவிட்ட பிறகுதான் சாகக்கூடிய இடத்தை வைத்திருக்கிறார்கள்.

உங்கள் லெவலை வைத்துக்கொண்டு கேட்டுப் பாருங்கள்: இந்த நொடியில் திரையில் என்ன தெரிகிறது? அதைப் பார்த்து ஒருவர் என்ன நினைப்பார்? அவர் தவறாக நினைத்தால் அவரைத் திருத்தப்போவது எது? மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லாத இடங்களில்தான் ஆட்டக்காரர்கள் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஒரு புதிய திறனை எந்த வரிசையில் அறிமுகப்படுத்துவது?

பாதுகாப்பான இடம், பிறகு ஆபத்தான இடம், பிறகு எதிர்பாராத திருப்பம், கடைசியில் பழைய திறனோடு சேர்க்கை. நின்டென்டோவின் கொய்ச்சி ஹயாஷிடா, சூப்பர் மாரியோ 3டி லேண்டின் (2011) லெவல்களைப் பற்றிப் பேசும்போது, அறிமுகம், வளர்ச்சி, திருப்பம், நிறைவு என்ற ஜப்பானியக் கதைசொல்லும் முறையை அவற்றுக்கு அடிப்படையாகக் குறிப்பிட்டிருக்கிறார்.

ஓர் உதாரணம். எதிரி எறியும் மின்னல் உருண்டையைக் கேடயத்தால் திருப்பி அனுப்பலாம் என்பது உங்கள் கேமின் திறன் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் அறை: நீளமான நடைபாதை, மறுமுனையில் சுவரில் பொருத்திய ஒரு பீரங்கி. இரண்டு நொடிக்கு ஒரு உருண்டை மெதுவாக வருகிறது. பட்டால் உயிர் குறையாது, பின்னால் தள்ளும், அவ்வளவுதான். பீரங்கிக்குப் பின்னால் கதவு. உருண்டையைத் திருப்பிப் பீரங்கியை உடைத்தால்தான் கதவு திறக்கும். வேறு எதிரி, வேறு புதிர், எடுக்க வேண்டிய பொருள் எதுவும் அந்த அறையில் இருக்கக் கூடாது.

இரண்டாவது அறை: அதே பீரங்கிதான், இப்போது இரண்டு. பட்டால் உயிர் குறையும். மூன்றாவதில் பீரங்கி நடக்கும் எதிரியாகிறது, குறி மாறிக்கொண்டே இருக்கிறது. நான்காவதில் திருப்பம்: உடைக்க வேண்டியது எதிரியை அல்ல, பக்கச் சுவரில் இருக்கும் சுவிட்சை. கேடயத்தைச் சாய்த்துப் பிடித்தால் உருண்டை திசை மாறும் என்பதை ஆட்டக்காரரே கண்டுபிடிக்க வேண்டும். ஐந்தாவதில் இதே வேலையை நகரும் பலகை மேல் நின்றபடி செய்ய வேண்டும்.

கெட்டுப்போகும் இடங்கள் இரண்டு. இரண்டாவது அறையிலேயே ஆசைப்பட்டு இன்னொரு புதிய விஷயத்தை நுழைப்பது ஒன்று. அங்கே தோற்றவருக்கு எதனால் தோற்றோம் என்று தெரியாது. இடைவெளியை நீட்டுவது மற்றொன்று. இரண்டாம் லெவலில் கற்றதை ஏழாம் லெவலில்தான் கேட்டால் அது மறந்துபோயிருக்கும். கற்றுக்கொடுத்த பத்து நிமிடத்துக்குள் மூன்று முறையாவது அதற்கு வேலை கொடுங்கள்.

சுற்றுச்சூழலையே ஆசிரியராக்கவும் முடியும். ஹாஃப்-லைஃப் 2-இல் (2004) ராவன்ஹோம் என்ற ஊருக்குள் நுழையும்போது, சுவரில் பாய்ந்து நிற்கும் ரம்ப வட்டும் இரண்டாக வெட்டுண்ட ஸாம்பியும் கண்ணில் படுகின்றன. பொருட்களை இழுத்து எறியும் கிராவிட்டி கன்னால் ரம்ப வட்டை எடுத்ததும் எதிரில் ஒரு ஸாம்பி வந்து நிற்கிறது. ஒரு வரிகூட எழுதவில்லை, ஆனால் என்ன செய்ய வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை.

எழுத்து தவிர்க்க முடியாது என்றால் எவ்வளவு எழுதலாம்?

பிளான்ட்ஸ் வெர்சஸ் ஸாம்பீஸை (2009) வடிவமைத்த ஜார்ஜ் ஃபேன், ஒரு நேரத்தில் திரையில் எட்டு ஆங்கிலச் சொற்களுக்கு மேல் வேண்டாம் என்ற அளவுகோலை 2012-ல் நடந்த கேம் உருவாக்குநர் மாநாட்டில் சொன்னார். தமிழில் விகுதிகள் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் நான்கைந்து சொற்களிலேயே அதே விஷயத்தைச் சொல்லிவிடலாம்.

சொற்களின் எண்ணிக்கையைவிட அவை வரும் நேரம் முக்கியம். எதிரி நெருங்கும்போது ஆட்டத்தை நிறுத்திப் பெட்டி ஒன்றைத் திறந்தால், அதைப் படிக்காமல் மூடுவதற்கான பட்டனைத்தான் கை தேடும். ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே திரையின் ஓரத்தில் வரட்டும், செயலைச் செய்து முடித்ததும் மறையட்டும். ஆட்டக்காரர் ஏற்கெனவே தாவிவிட்டார் என்றால் தாவுவது எப்படி என்ற குறிப்பை அவருக்குக் காட்டவே வேண்டாம். அதற்கு ஒவ்வொரு திறனுக்கும் ஒரு எண்ணை வைத்துக்கொண்டால் போதும், எத்தனை முறை சரியாகச் செய்தார் என்று. அது பூஜ்யமாக இருந்து, அந்தத் திறன் தேவைப்படும் இடத்தில் பத்து நொடி நின்றுவிட்டாரென்றால் குறிப்பைக் காட்டுங்கள்.

எந்தக் கருவியில் விளையாடுகிறாரோ அதன் பட்டனைத்தான் குறிப்பு காட்ட வேண்டும். கன்ட்ரோலரைக் கையில் வைத்திருப்பவருக்கு ஸ்பேஸ் பாரைக் காட்டும் கேம்கள் இன்றும் வெளிவருகின்றன. நடுவில் கருவியை மாற்றினாலும் படம் உடனே மாற வேண்டும். ஆட்டக்காரர் பட்டன்களை மாற்றி அமைத்திருந்தால் அதையும் குறிப்பு மதிக்க வேண்டும்.

புதியவர் முன் ஒரே நேரத்தில் எத்தனை தேர்வுகள் வைக்கலாம்?

மூன்றில் தொடங்குங்கள். தேர்வுகள் கூடக் கூட முடிவெடுக்கும் நேரமும் கூடும் என்பதை 1952-ல் பிரிட்டனைச் சேர்ந்த உளவியலாளர் ஹிக் அளந்து காட்டினார். அந்த ஏற்றம் மடக்கை முறையிலானது, பத்தாவது தேர்வு மூன்றாவதைப் போல அவ்வளவு தாமதத்தைச் சேர்க்காது. ஆனால் அது பழகிய தேர்வுகளுக்குத்தான் பொருந்தும். புதியவர் ஒவ்வொன்றையும் படித்து, என்னவென்று யோசித்து, முந்தையதோடு ஒப்பிட வேண்டியிருக்கிறது. மனதில் ஒரே நேரத்தில் வைத்திருக்கக்கூடியது சுமார் நான்கு விஷயங்கள் என்று உளவியலாளர் நெல்சன் கோவன் 2001-ல் மதிப்பிட்டார். ஆறு ஆயுதங்களை விவரத்தோடு காட்டினால் ஆறாவதைப் படிக்கும்போது முதலாவது மறந்திருக்கும்.

பிளான்ட்ஸ் வெர்சஸ் ஸாம்பீஸின் முதல் லெவலில் புல்தரை ஒரே ஒரு வரிசைதான், நட்டு வைக்கக்கூடிய செடியும் ஒன்றுதான். பிறகு மூன்று வரிசை, அதன் பின்பே ஐந்து. மெனுவில் பூட்டி வைப்பதைவிட இது அழகான வழி, ஏனென்றால் ஆட்டக்காரருக்கு எதையும் மறைத்துவிட்டார்கள் என்ற உணர்வே வராது.

நல்ல தேர்வு எது, வெற்றுத் தேர்வு எது?

கேம் வடிவமைப்பாளர் சிட் மேயர் 1989 முதலே கேம் என்பதைச் சுவாரஸ்யமான முடிவுகளின் தொடர் என்று பேசிவருகிறார். ஒரு முடிவு சுவாரஸ்யம் இழப்பதற்கு வழக்கமான காரணங்கள் மூன்று: ஒரு பதில் எப்போதும் மற்றதைவிடச் சிறந்தது, அல்லது எதைத் தேர்ந்தாலும் ஒன்றுதான், அல்லது தேர்வதற்கான தகவலே இல்லை. மூன்றாவது புதியவரைக் குறிவைத்துத் தாக்கும். இடது கதவா வலது கதவா என்று எந்தத் தடயமும் இல்லாமல் கேட்டால் அவர் முடிவெடுக்கவில்லை, காசு சுண்டிப் பார்க்கிறார்.

சீட்டுகளை வைத்துச் சண்டையிடும் ஸ்லே தி ஸ்பயரில் (2019) முதல் சில சண்டைகளில் ஒன்றை அருகில் பார்க்கலாம். ஐயன்கிளாட் என்ற வீரனின் தொடக்கச் சீட்டுக்கட்டில் பத்தே சீட்டுகள். சுற்றுக்கு 3 சக்தி, கையில் 5 சீட்டு. ஸ்ட்ரைக் 1 சக்திக்கு 6 சேதம் தரும். டிஃபெண்ட் 1 சக்திக்கு 5 சேதத்தைத் தடுக்கும். பாஷ் 2 சக்திக்கு 8 சேதம் தந்து, இந்தச் சுற்றிலும் அடுத்த சுற்றிலும் எதிரி வாங்கும் சேதத்தை ஒன்றரை மடங்காக்கும். எதிரே ஜா வோர்ம் என்ற எதிரி. அதன் தலைக்கு மேல் 11 என்று போட்டிருக்கிறது, இந்தச் சுற்றில் அது தரப்போகும் சேதம்.

ஸ்ட்ரைக் மூன்று போட்டால் 18 சேதம், ஆனால் 11 வாங்க வேண்டும். டிஃபெண்ட் இரண்டும் ஸ்ட்ரைக் ஒன்றும் போட்டால் 6 சேதம், வாங்குவது 1. பாஷும் ஸ்ட்ரைக்கும் போட்டால் 8 உடன் 9 சேர்ந்து 17. இப்போது ஒன்று குறைந்தாலும் அடுத்த சுற்றில் ஒவ்வொரு ஸ்ட்ரைக்கும் 9 அடிக்கும். கூட்டல் தெரிந்த யாராலும் இதை யோசிக்க முடியும். மூன்றுமே நியாயமான வழிகள். எதைத் தேர்ந்தாலும் விளைவு அடுத்த சில நொடிகளில் எண்ணாகவே வந்துவிடுகிறது. புதியவரும் ஆயிரம் மணி நேரம் விளையாடியவரும் ஒரே தகவலைத்தான் பார்க்கிறார்கள், பின்னவர் தூரத்தில் உள்ளதையும் கணக்கில் எடுக்கிறார்.

இன்டூ தி பிரீச் (2018) இதையே இன்னும் தீவிரமாகச் செய்தது. எட்டுக்கு எட்டு கட்டத்தில் எல்லா எதிரிகளும் எங்கே தாக்கப்போகிறார்கள் என்பது முன்கூட்டியே தெரியும், ஒரு சண்டைக்கு ஒருமுறை முழுச் சுற்றையும் திரும்ப ஆடலாம். தகவலை மறைத்தால்தான் சவால் வரும் என்று நினைப்பவர்கள் இந்த இரண்டையும் விளையாடிப் பார்க்க வேண்டும்.

90 சதவீத வாய்ப்பு என்று காட்டிய தாக்குதல் தவறியதும் கேம் ஏமாற்றுகிறது என்று புகார் வருகிறது. என்ன செய்வது?

கணக்கு சரியாக இருந்தாலும் மனித மனம் 90-ஐ நிச்சயம் என்றே எடுத்துக்கொள்கிறது. மூன்றுக்கு ஒன்று என்று வலிமை சாதகமாக இருக்கும்போது தோற்றால் ஆட்டக்காரர்கள் கொதித்துப்போகிறார்கள் என்று சிட் மேயர் 2010-ல் ஓர் உரையில் விவரித்தார். ஃபயர் எம்ப்ளம் தொடரில் 2002-ல் வந்த பாகம் முதல் பல பாகங்களில் தற்செயலாக இரண்டு எண்களை எடுத்து அவற்றின் சராசரியை வைத்துத் தாக்குதல் பட்டதா என்று தீர்மானிக்கிறார்கள். திரையில் 90 என்றால் உண்மையில் சுமார் 98. திரையில் 10 என்றால் உண்மையில் சுமார் 2.

இதைவிட நேர்மையான வழி ஒன்று உண்டு என்பது எங்கள் கருத்து. அதிர்ஷ்டத்தை முடிவுக்குப் பின்னால் வைக்காமல் முன்னால் வையுங்கள். எந்தச் சீட்டு வரும், எந்த எதிரி வருவான் என்பதில் அதிர்ஷ்டம் இருக்கட்டும். வந்ததைப் பார்த்து ஆட்டக்காரர் முடிவெடுத்த பிறகு விளைவு உறுதியாக இருக்கட்டும். அப்போது தோல்வியிலிருந்து பாடம் எடுக்க முடியும். சரியாக முடிவெடுத்தும் தோற்றவர், தான் தவறு செய்ததாக நினைத்து அடுத்த முறை நல்ல முடிவையே கைவிடுவார். புதியவருக்கு இதைவிடக் கெட்ட பாடம் இல்லை.

இரண்டு மூன்று முறை தோற்றதும் விலகிவிடுகிறார்கள். எளிதாக்கிவிடலாமா?

உடனே வேண்டாம். தோல்விக்குப் பின் நடப்பதை முதலில் பாருங்கள்.

செத்ததிலிருந்து மறுபடி கட்டுப்பாடு கைக்கு வரும்வரை எத்தனை நொடி என்று கடிகாரத்தை வைத்து அளந்து பாருங்கள். குறுகிய லெவல்கள் உள்ள கேமில் அது 2 நொடிக்குள் இருக்க வேண்டும். சூப்பர் மீட் பாய் (2010) கொடூரமாகக் கடினமாக இருந்தும் மக்கள் விடாமல் ஆடினார்கள் என்றால், செத்த கணமே மறுபடி ஓட முடிந்தது ஒரு பெரிய காரணம். அடுத்து, தோற்ற இடத்துக்கும் மறுபடி தொடங்கும் இடத்துக்கும் நடுவே ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த வேலை எவ்வளவு இருக்கிறது? பாஸ் எனப்படும் பெரிய எதிரியுடனான சண்டைக்கு முன் இரண்டு நிமிடம் நடக்க வேண்டியிருந்தால் அந்த நடை எதையும் கற்றுத்தருவதில்லை. பேசும் காட்சிக்குப் பின்னால் சேமிப்பு இடத்தை வையுங்கள், முன்னால் அல்ல.

பிறகு, எதனால் செத்தார் என்று அவருக்குத் தெரிகிறதா? கொன்ற எதிரியை ஒரு நொடி ஒளிரச் செய்வதே பல கேம்களில் போதும். எதிரி அடிக்கும் முன் கையை ஓங்கும் அசைவும் ஒலியும் தனித்துத் தெரிய வேண்டும். சராசரி மனிதர் ஒளியைப் பார்த்துக் கையை அசைக்கவே கால் நொடி ஆகும். எப்படித் தப்பிப்பது என்று யோசிக்கவும் நேரம் வேண்டும் என்பதால் முதல் லெவல் எதிரிக்கு முக்கால் நொடி ஓங்கல் கொடுங்கள்.

தாவும் கேம் என்றால் இரண்டு சலுகைகளைச் சேர்க்காமல் வெளியிடாதீர்கள். விளிம்பைத் தாண்டிய பிறகும் சில ஃபிரேம்கள்வரை (திரையில் அடுத்தடுத்து மாறும் படங்கள்) தாவ அனுமதிப்பது ஒன்று, கயோட்டி டைம் என்பார்கள். செலஸ்ட்டில் (2018) இது 0.1 நொடி, அதாவது நொடிக்கு 60 ஃபிரேம் வேகத்தில் 6 ஃபிரேம். தரையைத் தொடும் முன்பே தாவும் பட்டனை அழுத்திவிட்டால் அதை நினைவில் வைத்துக்கொண்டு தொட்டதும் தாவ வைப்பது மற்றொன்று. இவை இல்லாவிட்டால் நான் அழுத்தினேன், கேம் கேட்கவில்லை என்பார்கள். அவர்கள் சொல்வதில் தவறில்லை, கண்ணும் கையும் அப்படித்தான் வேலை செய்கின்றன.

இவ்வளவுக்குப் பிறகும் தோற்கிறார்கள் என்றால் எளிதாக்குங்கள்.

எளிது, நடுத்தரம், கடினம் என்று தொடக்கத்திலேயே கேட்கலாமா?

இன்னும் ஒரு நொடிகூட விளையாடாதவரிடம் கேட்கும் கேள்வி அது. கேட்டே ஆக வேண்டும் என்றால் ஒவ்வொன்றிலும் என்ன மாறும் என்று எழுதுங்கள், எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம் என்றும் எழுதுங்கள்.

செலஸ்ட் கையாண்ட முறை எங்களுக்கு மிகவும் பிடித்தது. உதவி நிலையில் கேமின் வேகத்தைப் பாதிவரை குறைக்கலாம், களைப்பே வராமல் செய்யலாம், சாகாமலும் இருக்கலாம். எது தனக்குத் தடையோ அதை மட்டும் ஆட்டக்காரரே தேர்ந்துகொள்கிறார், கேமும் அவரைக் கேலி செய்வதில்லை. நியூ சூப்பர் மாரியோ பிரதர்ஸ் வீயில் (2009) ஒரே லெவலில் எட்டு முறை செத்தால் பச்சைப் பெட்டி ஒன்று தோன்றும், அதைத் தட்டினால் லூய்ஜி அந்த லெவலை ஆடிக் காட்டுவான். ரெசிடென்ட் ஈவில் 4 (2005) எதுவும் சொல்லாமலே, ஆட்டக்காரர் தடுமாறினால் எதிரிகளை மென்மையாக்கியது. மறைமுகமான வழி வேலை செய்யும். ஆனால் போட்டி கேம்களில் அது வெளியே தெரிந்துவிட்டால் நம்பிக்கை போய்விடும்.

தொடக்கத்திலேயே வீரர் வகையைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது சரியா?

மந்திரவாதியா வில்லாளியா என்று கேட்கும்போது அவருக்குத் தெரிந்தது படம் மட்டும்தான். இருபது மணி நேரத்தைத் தீர்மானிக்கும் முடிவை இருபது நொடியில் எடுக்கச் சொல்கிறீர்கள். ஒவ்வொரு வகையையும் ஐந்து நிமிடம் ஆடவிட்டுப் பிறகு கேளுங்கள், அல்லது முதல் பத்து லெவல்வரை இலவசமாக மாற்றிக்கொள்ள விடுங்கள். திறன் புள்ளிகளுக்கும் இதே விதி. திரும்பப் பெற முடியாது என்றால் புதியவர் செலவழிக்காமல் சேர்த்தே வைத்திருப்பார், அதனால் பலவீனமாகி, அதனாலேயே தோற்பார்.

அனுபவசாலிகளுக்குச் சலிப்புத் தட்டாதா?

தட்டும், கட்டாயப்படுத்தினால். லெவலிலேயே பாடம் கலந்திருந்தால் தெரிந்தவர் அந்த அறையை ஆறு நொடியில் கடந்துபோவார். பேசும் காட்சிகளுக்குத் தாண்டும் பட்டன் வையுங்கள்.

பல வாரம் கழித்துத் திரும்ப வருபவர்?

பலரும் மறந்துவிடும் ஆட்டக்காரர் இவர். கேம் பாதியில் இருக்கும், கைகள் புதியவருடையதாக இருக்கும். நிறுத்தும் மெனுவில் இதுவரை கற்ற திறன்களை பட்டனோடும் சிறு அசைபடத்தோடும் பட்டியலிடுங்கள். இப்போது செய்ய வேண்டியது என்ன என்று ஒரு வரி இருக்கட்டும். இரண்டு வாரத்துக்கு மேல் இடைவெளி என்றால் முதல் சில குறிப்புகளை மறுபடி காட்டுங்கள்.

நிறமும் ஒலியும் வைத்துக் கற்றுத்தரும்போது கவனிக்க வேண்டியது?

எந்தத் தகவலும் நிறத்தை மட்டும் நம்பி இருக்கக் கூடாது. வடக்கு ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 12 பேரில் ஒருவருக்குச் சிவப்பு, பச்சை வேறுபாடு சரியாகத் தெரியாது. விஷத்துக்கும் மருந்துக்கும் நிறத்தோடு வடிவமும் மாறட்டும். ஒலியில் வரும் எச்சரிக்கை திரையிலும் தெரியட்டும், கைபேசியில் ஒலியை அணைத்துவிட்டு விளையாடுபவர்கள் ஏராளம். எழுத்தின் அளவை மாற்றும் வசதி முதல் திரையிலேயே கிடைக்க வேண்டும்.

இதெல்லாம் வேலை செய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கேமைப் பார்த்தே இராத ஐந்து பேரைத் தனித்தனியாக உட்கார வையுங்கள். ஐந்து பேரிலேயே பெரும்பாலான பயன்பாட்டுக் குறைகள் வெளிப்படும் என்று பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2000-ல் எழுதியது இணையதளங்களைப் பற்றி என்றாலும், கேமின் முதல் அரை மணி நேரத்துக்கு அது நன்றாகவே பொருந்துகிறது.

தொடங்கும் முன் இரண்டே விஷயம் சொல்லுங்கள்: சோதிப்பது கேமை, உங்களை அல்ல. மனதில் படுவதைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே விளையாடுங்கள். பிறகு வாயைத் திறக்காதீர்கள். இதுதான் மிகக் கஷ்டமான வேலை. அவர் கதவுக்கு எதிரே நின்று சுவரைத் தட்டிக்கொண்டிருப்பார், சொல்லிவிடலாமா என்று நாக்கு துடிக்கும். சொன்னால் அந்த இடத்தின் குறை உங்களுக்குக் கடைசிவரை தெரியாமல் போகும். வெளியான கேமோடு நீங்கள் கூடவே போகப்போவதில்லை. மூன்று நிமிடம் முழுக்க மாட்டிக்கொண்டால் மட்டும் உதவி, அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

திரையோடு சேர்த்துக் கைகளையும் பதிவு செய்யுங்கள். தாளில் நான்கு நெடுவரிசைகள் போதும்: நேரம், அவர் செய்தது, அவர் எதிர்பார்த்தது, நடந்தது. மூன்றாவதும் நான்காவதும் முரண்படும் வரிகள்தான் உங்கள் வேலைப்பட்டியல். முடிந்ததும் "புரிந்ததா?" என்று கேட்காதீர்கள், மரியாதைக்காக எல்லோரும் ஆம் என்பார்கள். "அந்தக் கதவு ஏன் திறந்தது?", "கடைசியாக ஏன் தோற்றீர்கள்?", "கேடயம் எதற்குப் பயன்படும்?" என்று கேளுங்கள். தவறான விளக்கத்தோடு வெற்றி பெற்றவரை இந்தக் கேள்விகள்தான் காட்டிக்கொடுக்கும். தற்செயலாகக் கதவைத் திறந்துவிட்டு அடுத்த கதவில் மாட்டப்போகிறவர் அவர்.

ஐந்தில் மூன்று பேர் ஒரே இடத்தில் தடுமாறினால் அந்த இடத்தை மாற்றுங்கள். ஒருவர் மட்டும் என்றால் குறித்துவைத்து அடுத்த ஐவரிடம் பாருங்கள். அடுத்த ஐவர் புதியவர்களாகவே இருக்க வேண்டும், ஒருவர் ஒரு கேமுக்கு ஒருமுறைதான் புதியவர். ஆகவே தெரிந்தவர்கள் எல்லோரையும் முதல் வாரத்திலேயே செலவழித்துவிடாதீர்கள்.

வெளியிட்ட பிறகு, லெவல் தொடங்கியது, செத்த இடம், ஒவ்வொரு திறனும் முதன்முதலில் பயன்பட்ட நேரம், கேமை மூடிய இடம் ஆகிய நான்கையும் ஆட்டக்காரரின் ஒப்புதலோடு பதிவு செய்யுங்கள். எங்கே விலகுகிறார்கள் என்பதை அந்தப் பதிவு சொல்லும், ஏன் என்பதைச் சொல்லாது. அதற்கு மறுபடி ஐந்து பேரை உட்கார வைத்து, பின்னால் நின்று பார்க்க வேண்டும்.